பட்டினத்துப் பங்காளிகள்

காப்பிச் செடி பூத்திருக்கும் நாட்களில் மலை முழுக்க மல்லிகை வாசம் வீசும் என்று ஏற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். பொய்யில்லை, வீசத்தான் செய்யும். ஆனால் என் மூக்கில் இன்றைக்கும் நிற்பது அந்தப் பூவுக்கு நடுவே புகுந்து வந்த கருவாட்டு வாசம். நாகலூர் பஸ் வளைவு திரும்பி நிற்பதற்கு முன்பே அது எங்கள் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்துவிடும். பின்படிக்கட்டில் ஓலைக்கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கும், கூடவே கண்டக்டரின் வசவும் இறங்கும், அந்த வசவைக் கேட்டதும் சிறுசுகள் நாங்கள் "பட்னத்துப் பங்காளி வந்தாச்சு" என்று கூவிக்கொண்டே சரிவில் ஓடுவோம்.

எங்கள் ஊரின் பெயர் வேலாம்பட்டினம். பட்டினம் என்றால் கடலோரத்து ஊர் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லிக்கொடுத்த அன்று மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எங்கள் ஊரில் தண்ணீர் என்று இருந்ததே ஓர் ஓடை, அதுவும் பங்குனியில் வற்றிவிடும். சேலத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஏன், கீழே அயோத்தியாப்பட்டணம் இல்லையா, அங்கே என்ன கப்பலா வருகிறது என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பெயரை வைத்துக்கொண்டு யாரையும் வாழவிடாமல் செய்யவில்லை, நாங்கள் செய்தோம்.

பெயர் வந்த காரணம் ஒன்றும் ரகசியமில்லை. எங்கள் மேட்டையும் சுற்றியிருந்த சரிவுகளையும் ஒரு காலத்தில் ஒரே எஸ்டேட்டாக வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை, தன் காப்பி மூட்டைகள் எந்தெந்தத் துறைமுகத்தைப் பார்த்தனவோ அந்தத் துறைமுகங்களின் பெயரையே ஒவ்வொரு டிவிஷனுக்கும் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதனால் எங்கள் மேடு வேலாம்பட்டினம், எங்களுக்கு மேற்கே இருந்த சரிவு "ரங்கூன்". ஓடைக்கு அந்தப் பக்கம் "கொழும்பு". என் அம்மா கொழும்புப் பெண். கொழும்பிலிருந்து பட்டினத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள் என்றதும் கப்பலேறி வந்தாள் என்று நினைத்துவிடவேண்டாம், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தாள். எஸ்டேட்டில் களை வெட்டுகிறவர்கள் முதல் கணக்கெழுதுகிற ரைட்டர் வரை இந்தக் காரணம் தெரியாதவர்கள் யாருமே இல்லை.

அப்பாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. யாரோ ஒரு துரை மூட்டைக்குப் பெயர் வைப்பதுபோல ஊருக்குப் பெயர் வைத்தான் என்பதைச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அவர் டீக்கடைக்காரர். டீயைவிடப் பேச்சைத்தான் நன்றாக ஆற்றுவார். கடலோரத்து வேலாம்பட்டினத்திலிருந்து எங்கள் முப்பாட்டன் உப்பு மூட்டை ஏற்றிய மாடுகளோடு இந்த மலைக்கு வந்ததாகவும், அடைமழையில் இறங்க முடியாமல் இங்கேயே தங்கிவிட்டதாகவும், ஊர் நினைவாக அந்தப் பெயரை வைத்ததாகவும் ஒரு கதை வைத்திருந்தார். கேட்கிற ஆள் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் மாடுகளின் எண்ணிக்கை கூடும். கடலோரத்தில் அப்படி ஓர் ஊர் இருக்கிறது என்பது மட்டும் நிஜம். அதற்குமேல் அப்போது அவருக்கு அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் பிறப்பதற்கு முன்பு ஒரு நாள், கருவாட்டுக் கூடையோடு முதல்முறையாக மலையேறி வந்த ஒருவர் எங்கள் கடையில் டீ குடிக்க உட்கார்ந்திருக்கிறார். விருத்தாசலம் ரயிலில் வந்து, அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கி, குப்பனூர் வழியாக ஏற்காடு வந்து, அங்கே நாகலூர் பஸ் மாறி வந்த களைப்பு அவருக்கு. அப்பா எந்த ஊர் என்று விசாரித்தார்.

"வேலாம்பட்டினங்க."

"அது இந்த ஊருங்க. உங்களுக்கு எந்தூருன்னு கேட்டனுங்க."

"நானும் எங்க ஊரத்தாங்க சொல்றன்."

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லையாம். வாயிலேயே வளர்த்த ஊர், கூடையோடு வந்து எதிரே உட்கார்ந்திருந்தது. "அப்படீன்னா நாம பங்காளிங்க" என்று சொல்லி டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வந்தவர் பெயர் மாணிக்கம். அவரும் அதை மறுக்கவில்லை. ஆள் தெரியாத மலையில் இருட்டினால் படுக்க ஓர் இடம் வேண்டும், அது கிடைத்தது. எங்கள் கடைக்கு முதல் கூடை கிடைத்தது. ரெண்டு பேருக்கும் தோதுப்பட்ட ஒரு சொல்லாகத்தான் அது தொடங்கியது.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பங்காளி என்றால் ஒரே குலம், ஒரே சாமி, அண்ணன் தம்பி முறை. பங்காளி வீட்டில் பெண் எடுப்பதும் கிடையாது, கொடுப்பதும் கிடையாது. அதற்கெல்லாம் மாமன் மச்சான் முறைக்காரர்கள் தனியாக இருக்கிறார்கள். இது எங்கள் ஊர் ஆடி நோம்பியில், அதாவது அம்மன் திருவிழாவில், கண்ணுக்கு நேராகத் தெரியும். அம்மன் பொங்கல் பானையில் பங்காளி வீட்டு ஆண்கள் ஆளுக்கொரு கைப்பிடி அரிசி போடவேண்டும். மாமன் மச்சான் முறைக்காரர்கள் போடக்கூடாது, அவர்கள் இலையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவுதான்.

அந்த வருஷத்து நோம்பிக்கு மாணிக்கம் தற்செயலாக வந்து நின்றபோது பூசாரி அய்யாவு, "இவரு யாருங்க?" என்று கேட்க, அப்பா பெருமையோடு "பட்னத்துப் பங்காளிங்க" என்று சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்துப் பானைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மாணிக்கமும் ஒரு கைப்பிடி அரிசி போட்டார். மறு வருஷமும் போட்டார். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

குழந்தைகளான எங்களுக்கு இதில் லாபம் மட்டுமே. சோழி வந்தது, சங்கு வந்தது, பனங்கற்கண்டு வந்தது. இங்கிருந்து கமலா ஆரஞ்சும் பலாப்பழமும் மிளகும் அங்கே போயின. அப்பா ஒரு தடவை அங்கே போய் வந்தார். அவர்களும் தங்கள் பங்குக்கு ஒரு கதை கட்டி வைத்திருந்தார்கள், மலையிலிருந்து இறங்கிய அண்ணன் தம்பிகள் கட்டிய ஊர்தான் கடலோரத்து வேலாம்பட்டினம் என்று. யார் மூத்தவர், யார் இளையவர், மலை முதலா கரை முதலா என்று அப்பாவும் மாணிக்கமும் கடையில் உட்கார்ந்து வாக்குவாதம் செய்வதைப் பார்த்தால் ஒரே வீட்டுக்காரர்கள் என்றே யாரும் நம்புவார்கள். ஒரு பெயரை ரெண்டு ஊர் வைத்துக்கொள்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்க முடியும் என்பதை நான் அந்தக் கடையில்தான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

மாணிக்கத்துக்கு முழங்கால் வலி வந்து, கூடைகளோடு அவர் மகன் சேகர் வரத் தொடங்கியபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தங்கை, சரசு அத்தை, எங்களோடுதான் இருந்தாள். ஏற்காட்டில் தையல் கிளாசுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் திரும்பி வருகிற பஸ்ஸில்தான் கூடைகளும் வரும். அத்தை அழகி என்று சொல்லமாட்டேன், வாய்த்துடுக்கு. மலையில் யாரையும் விட்டுவைக்கமாட்டாள், அப்பாவைக்கூட. அவளிடம் நான் அப்போதே கவனித்த ஒரு விஷயம் உண்டு. மாணிக்கத்தை அப்பாவும் அத்தையும் பெரியப்பா முறை வைத்திருந்ததால், முறைப்படி சேகரை அவள் "அண்ணா" என்றுதான் கூப்பிட வேண்டும். நாங்கள் எல்லாரும் அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஒரு நாளும் அண்ணா என்று சொல்லவில்லை. "ஏனுங்க" என்பாள். எங்கம்மா அப்பாவைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

அவர்கள் பேசியதில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை, எல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பேச்சுதான். ஒரு நாள் அத்தை, "உங்கூர்ல மேடே இல்லீங்களா? தண்ணிக் கொடம் தூக்கிட்டு ஏறவே வேண்டாமுங்களா?" என்று கேட்டாள்.

"மேடா? மணல் குவிஞ்சிருக்கறதுதான் மேடு. எல்லாம் சமமா கெடக்கும்."

"அப்ப நான் அங்கயே வந்துடறனுங்க. எனக்கு முட்டி நோவுது."

சேகர் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அத்தை சிரிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "என்ன கண்ணு வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கற, போயி படி" என்று விரட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வயதில் நமக்குப் புரியாது என்று பெரியவர்கள் நினைப்பதெல்லாம் நமக்கு நன்றாகவே புரிகிறது.

காப்பிப் பழம் பறிக்கிற பருவம் முடிந்த கையோடு மாணிக்கமும் அவர் மனைவியும் வந்தார்கள். அன்றைக்குத்தான் அவர் கூடை இல்லாமல், கருவாட்டு வாசம் இல்லாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தார். தட்டில் பூ, தேங்காய், வெற்றிலை. "நம்ம சும்மா வாய் வார்த்தைக்குப் பங்காளின்னு கூப்புட்டுக்கினோம். இனிமே நெஜமாவே சொந்தமாயிடலாங்க. எம் பையனுக்கு உங்க தங்கச்சியக் குடுங்க" என்றார். சாதியைப் பற்றிக் கேட்பீர்கள், அதுவும் ஒன்றுதான், ஆகவே தடை சொல்ல நினைத்தவர்கள் அந்தப் பக்கம் போகமுடியவில்லை. அப்பாவின் முகம் முதலில் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவருக்கு ஆசைதான். ஆனால் வீட்டுக்கு முன்பக்கமே இருந்த கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பூசாரிய ஒரு வார்த்த கேட்டுக்கலாமுங்க" என்றார் அப்பா. கேட்டிருக்கவே வேண்டாம்.

கோயில் முன்னால் கூடினார்கள். பூசாரி அய்யாவு சுற்றி வளைக்கவில்லை. "அம்மன் பானையில அரிசி போட்டவங்க பங்காளிங்க. பங்காளிக்குப் பொண்ணு குடுக்கற பழக்கம் நம்மளுக்கு இல்லீங்க" என்றார். மாணிக்கம் அப்பாவைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க. அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதானே?" என்று கேட்டார். அவர் மனைவி தட்டைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் பெண்கள் நின்றிருந்த பக்கத்திலிருந்து அத்தை பேசினாள். கோயில் கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

"ஏனுங்கண்ணா, பேரு ஒண்ணா இருந்தா பங்காளின்னா, ரங்கூன்ல இருக்கறவங்களுக்கு அந்த ரங்கூன் சனமெல்லாம் பங்காளிங்களா? அண்ணி கொழும்புங்க. அண்ணிக்குக் கப்பல்ல எத்தன அண்ணந் தம்பி இருக்கறாங்கன்னு கேளுங்க. தொரை வெச்ச பேருன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? சும்மாதான் சொன்னேன்னு சொல்லுங்கண்ணா."

அவள் சொன்னது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேசுகிற மனிதர், இதோ சொல்லிவிடுவார், சொன்னதும் நான் கடலுக்குப் போகலாம் என்று காத்திருந்தேன்.

பூசாரி மெதுவாக, அப்பாவிடம் மட்டும் சொல்கிற மாதிரி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "அப்படீன்னா இத்தன வருசமா அம்மன் பானையில வேத்தாள அரிசி போட உட்டிருக்கறீங்க. அதையும் சொல்லிப்போடுங்க" என்றார்.

அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. மாணிக்கத்தைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்க்கவில்லை, பானை வைக்கிற மூன்று கல்லைப் பார்த்துக்கொண்டு, "பங்காளிதானுங்க" என்றார்.

அவ்வளவுதான். மாணிக்கத்தின் மனைவி தட்டை அங்கேயே கோயில் படியில் வைத்துவிட்டாள். அப்பா கெட்டவர் இல்லை. என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, அத்தையை மகள் மாதிரி வளர்த்தவர். கதை சொல்லிச் சொல்லி ஊரில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார், அந்த இடம் போய்விடும் என்று பயந்துவிட்டார். இத்தனை காலம் யோசித்தும் இதைவிட நல்ல சமாதானம் எனக்குக் கிடைக்கவில்லை, கிடைத்த இதுவும் எனக்குப் போதவில்லை.

அந்த ஆடி நோம்பிக்கு சேகர் வந்தார். உறவை அறுத்துக்கொள்ளக்கூடாது என்று மாணிக்கம்தான் அனுப்பினாராம். சாரலோடு மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. விறகு ஈரம், புகை எல்லார் கண்ணிலும். ஆண்கள் ஒவ்வொருவராகக் கைப்பிடி அரிசி போட்டு நகர்ந்தார்கள். சேகர் முறை வந்தது. மூடிய கையோடு பானைக்கு நேரே நின்றார். "போடுங்க தம்பி" என்றார் பூசாரி. சேகர் போடவில்லை. பெண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு அரிசியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு, பஸ் வருகிற மேட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

"போடாட்டியும் பங்காளி பங்காளிதானுங்க" என்று பூசாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அத்தை அன்றைக்கு அந்தப் பொங்கலைச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்த நோம்பியிலும் அந்தப் பானைச் சோற்றை அவள் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. யாராவது வற்புறுத்தினால் வயிறு சரியில்லை என்பாள்.

கூடைகள் வருவது நின்றுபோனது. பிறகு அத்தையைக் குப்பனூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாமா குறை சொல்லமுடியாத மனிதர். அதிகம் பேசமாட்டார், குடிக்கமாட்டார், அத்தை தைத்துச் சம்பாதித்ததைக் கேட்கமாட்டார். ஒரு தடவை அவளைத் திருச்செந்தூர் கூட்டிப்போனார். கடலைப் பார்த்தாயா அத்தை, எப்படி இருந்தது என்று நான் கேட்டபோது, "பாத்தேன் கண்ணு. தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள்.

அப்பா உப்பு மாட்டுக் கதையை அதோடு விட்டுவிட்டார். புது ஆட்கள் யாராவது கடையில், பட்டினம்னு ஏன் பேரு வந்துச்சுங்க என்று கேட்டால், "தொரை வெச்சதுங்க" என்பார். ஒரே வார்த்தை. அன்றைக்குக் கோயிலில் சொல்லியிருந்தால் போதுமாக இருந்த வார்த்தை. கடைசிக் காலத்தில் அத்தை பார்க்க வரும்போதெல்லாம் ஏதோ தொடங்குவார். "சரசு, அன்னிக்கு நானு..." என்று இழுப்பார். அத்தை உடனே, "டீ ஆறுதுங்கண்ணா, குடிங்க" என்பாள். ரொம்ப மரியாதையாகத்தான் சொல்வாள். ஒவ்வொரு முறையும் அவர் டீயைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். சொல்லவிட்டிருக்கலாம் என்று எனக்குச் சில சமயம் தோன்றும், வேண்டாம் என்றும் தோன்றும். அவர் அதைச் சொல்லாமலேயே போய்விட்டார்.

போன ஆடியில் அத்தையும் நானும் நோம்பிக்குப் போனோம். மாமா இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன, அத்தை அறுபதைத் தாண்டிவிட்டாள், நிஜமாகவே முட்டி நோவு வந்துவிட்டது. ஏற்காட்டில் பஸ் ஏறிப் பட்டினத்துக்கு ரெண்டு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் சின்னப் பையன், சேலத்துப் பக்கம். "பட்டினமுங்களா? இந்த ரூட்ல அப்படி ஒரு ஸ்டாப்பிங்கே இல்லீங்களேம்மா" என்றான். வளைவு, கோயில், டீக்கடை என்று அடையாளம் சொன்னேன். "ஓ, ரிசார்ட் ஸ்டாப்புங்களா" என்று டிக்கெட்டைக் கிழித்தான்.

இறங்கியதும் எதிரே நின்றது பளபளவென்று ஒரு பலகை. எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்றிருக்கிறார்கள். எங்கள் மேட்டை வாங்கியவர்கள் அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருக்கிறார்கள், பனி என்றோ சொர்க்கம் என்றோ அர்த்தம் வருகிற மாதிரி. ரங்கூனில் வில்லாக்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஓடையில் குழாய் புதைத்துவிட்டார்கள், அதனால் கொழும்புக்கு இப்போது கால் நனையாமல் போகலாம், ஆனால் அதைக் கொழும்பு என்று சொல்ல ஆளில்லை. அப்பாவின் கடை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். கோயில் மட்டும் அப்படியே இருந்தது. பூசாரி அய்யாவுவின் பேரன் பானையைக் கேஸ் அடுப்பில் ஏற்றி வைத்திருந்தான். அரிசி போட ஆண்கள் போதாததால் வேலைக்கு வந்த ஒடிசாப் பையன்களையும் கூப்பிட்டுப் போடச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரும் பங்காளிங்கதானுங்க, யாரு போட்டா என்னங்க என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் என்ன தப்பு, அவனுக்கு எதுவும் தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸுக்காக அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றோம். அத்தை தலையை அண்ணாந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். பிறகு நான் எதிர்பார்க்காத விதத்தில், அந்தப் பழைய வாய்த்துடுக்கோடு சிரித்தாள்.

"அப்ப நம்ம ஊரு பேரு மாறிப்போச்சு. இனிமே பட்னத்துக்காரங்க நமக்குப் பங்காளி இல்ல, கண்ணு. வந்து கேட்டா இப்பக் குடுக்கலாம்."

பஸ் வளைவு திரும்பி வந்து நின்றது. பின்படிக்கட்டில் யாரும் எதையும் இறக்கவில்லை. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, முட்டியைத் தடவியபடி, ஒவ்வொரு படியாக ஏறினாள்.